இயந்திரத்துக்கு என்ன விலை? சான் பிரான்சிஸ்கோ துறைமுகம், 1960

7,920 டாலர். 65 வயதாகி, 25 ஆண்டு சர்வீஸ் முடித்த துறைமுகத் தொழிலாளி வேலையை விட்டுப் போகும்போது கையில் வாங்கிய தொகை இது. பென்ஷன் தனி. கொஞ்சம் முன்கூட்டியே, 62 வயதில் போக நினைத்தால் மாதம் 220 டாலர் வீதம் 36 மாதம் கிடைக்கும். பெருக்கிப் பார்த்தால் அதே 7,920.

அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் 1960 அக்டோபர் 18 அன்று முடிவான ஓர் ஒப்பந்தத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. ஒரு பக்கம் ஐ.எல்.டபிள்யூ.யூ. என்ற துறைமுகத் தொழிலாளர் சங்கம், மறுபக்கம் கப்பல் கம்பெனிகளும் சரக்கேற்றும் கம்பெனிகளும் சேர்ந்த பசிபிக் மாரிடைம் அசோசியேஷன். ‘இயந்திரமயமாக்கல், நவீனமயமாக்கல் ஒப்பந்தம்’ என்று பெயர் வைத்தார்கள். வாய்ப்பேச்சில் ‘எம் அண்ட் எம்’.

ரோபோ வரும், வேலை போகும் என்ற பேச்சு இப்போது எங்கும் ஓடுகிறது. அந்தப் பேச்சில் இயந்திரம் என்னென்ன செய்யும் என்பதே முக்கால்வாசி. சான் பிரான்சிஸ்கோவில் அதைப் பற்றிப் பெரிய சண்டை இல்லை. கிரேன் நன்றாகவே வேலை செய்யும் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அது மிச்சப்படுத்தப்போகும் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதுதான் பேச்சுவார்த்தை. இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

கை காட்டினால் வேலை

1934-க்கு முன் அங்கே கப்பல் வேலை கிடைத்த விதம் எளிமையானது. விடியற்காலையில் எம்பார்கடேரோ சாலையில் ஃபெரி பில்டிங் பக்கம் ஆட்கள் கூட்டமாக நிற்பார்கள். கேங் மேஸ்திரி வந்து ‘நீ, நீ, அப்புறம் நீ’ என்று கை காட்டுவார். மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேஸ்திரிக்கு பாட்டில் வாங்கிக் கொடுத்தவருக்கும், கூலியில் கொஞ்சம் தள்ளிவிட்டவருக்கும் கை சீக்கிரம் நீளும். அதிகாலையில் தூக்குவாளியோடு நாற்சந்தியில் நிற்கும் கட்டட வேலைக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அந்த ஆண்டு மே மாதம் மேற்குக் கரை முழுக்க வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூலை 5-ல் சான் பிரான்சிஸ்கோவில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு நகரமே நான்கு நாள் வேலையை நிறுத்தியது. கடைசியில் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது ஒரு கூடம். இனி மேஸ்திரி ஆள் எடுக்க முடியாது. அந்தக் கூடத்திலிருந்துதான் ஆள் அனுப்பப்படும், அனுப்புகிறவரைச் சங்கம் தேர்ந்தெடுக்கும். யாருக்கு இதுவரை குறைவான மணிநேரம் கிடைத்திருக்கிறதோ அவருக்கு முதல் வேலை. வருமானம் ஏறக்குறைய எல்லோருக்கும் சமமாக வர இந்த ஒரு விதி போதுமாக இருந்தது.

வேலையும் அப்படிப்பட்ட வேலை. காபி மூட்டை, பருத்திப் பொதி, தோல் கட்டு, டப்பா மீன் பெட்டி என்று எல்லாம் கலந்து வரும். கப்பலின் அடியறையில் எட்டுப் பேர் இறங்குவார்கள். கையில் இரும்புக் கொக்கி. மூட்டையைக் கொக்கியால் இழுத்துப் பலகையில் அடுக்க, கப்பலின் வின்ச் அந்தப் பலகையை மேலே தூக்கும். ஒரு தூக்குக்கு 2,100 பவுண்டுக்குமேல், அதாவது சுமார் 950 கிலோவுக்குமேல், ஏற்றக் கூடாது என்பது விதி. எட்டுப் பேரில் நான்கு பேர் வேலை செய்ய, நான்கு பேர் மேலே உட்கார்ந்து காபி குடிப்பதும் நாளடைவில் வழக்கமாகிவிட்டது. இன்னொன்று வேடிக்கையானது. லாரிக்காரர் பலகையோடு கொண்டுவந்த சரக்கை முதலில் துறைமுகத் தரையில் இறக்கி வைக்க வேண்டும். பிறகு துறைமுகத் தொழிலாளர்கள் அதே சரக்கைத் தரையிலிருந்து எடுத்து மறுபடியும் பலகையில் அடுக்குவார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சுத்தச் சோம்பேறித்தனம். அப்படிச் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கை காட்டலுக்காக நின்ற தலைமுறைக்கு இந்த விதி ஒவ்வொன்றும் ஒரு சொத்து. இருக்கிற வேலையை இழுத்துப் பகிர்ந்துகொள்ள அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

கிரேன் வந்த வருடம்

1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் நியூஜெர்சியின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 இரும்புப் பெட்டிகளோடு, அதாவது கன்டெய்னர்களோடு, கிளம்பியது. கப்பல்காரர் மால்கம் மெக்லீன், அதற்கு முன் லாரி கம்பெனி நடத்தியவர். சில்லறைச் சரக்கைக் கையால் ஏற்ற டன்னுக்கு 5.86 டாலர் ஆன காலத்தில், அந்தப் பயணத்தின் ஏற்றுக் கூலி டன்னுக்கு 16 சென்ட்டுக்கும் குறைவு.

மேற்குக் கரையில் இதைத் தொடங்கியது ஹவாய்க்குக் கப்பல் விட்ட மேட்சன் கம்பெனி. 1958 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 20 பெட்டிகளை மேல்தளத்தில் வைத்து அனுப்பினார்கள். அடுத்த ஜனவரியில் வளைகுடாவுக்கு எதிர்ப்புறம், அலமேடாவில், இதற்கென்றே கட்டிய கிரேன் நின்றது. மூன்று நிமிடத்துக்கு ஒரு பெட்டி, மணிக்கு 400 டன். கொக்கியும் வின்ச்சும் வைத்திருந்த ஒரு கேங் செய்ததைப்போல் நாற்பது மடங்குக்குமேல்.

சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். 1934 போராட்டத்தில் மேலே வந்தவர். கம்யூனிஸ்ட் என்று சொல்லி அவரை நாடு கடத்த அமெரிக்க அரசு பலமுறை முயன்று தோற்றது. அப்படிப்பட்டவர் இயந்திரத்தை எதிர்ப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரோ தடுத்துப் பயனில்லை என்ற முடிவுக்கு 1957 வாக்கிலேயே வந்துவிட்டார். ஒவ்வொரு படகுத்துறையிலும் ஒவ்வொரு விதிக்காக ஒளிந்து நின்று சண்டை போட்டுத் தோற்பதா, அல்லது விதிகளை மொத்தமாக விற்று உருப்படியாக ஏதாவது வாங்குவதா? இந்தக் கேள்வியைச் சங்கப் பிரதிநிதிகள் கூட்டத்தில் வெளிப்படையாகவே வைத்துப் பேசினார்கள்.

பங்கா, விலையா?

முதலில் சங்கம் கேட்டது பங்கு. இயந்திரத்தால் எத்தனை ஆள்-மணி மிச்சமாகிறதோ அதை அளந்து, அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். 1959-ல் முதலாளிகள் 15 லட்சம் டாலர் கொடுத்து, அளந்து பார்க்க ஓர் ஆண்டு அவகாசம் வாங்கினார்கள். அளப்பது பெரிய தலைவலியாக இருந்தது. எந்த மிச்சம் இயந்திரத்தால் வந்தது, எது நல்ல வானிலையால், எது சரக்கு மாறியதால்? அப்புறம் முதலாளிகள் தரப்பின் தலைவர் ஜே. பால் செயின்ட் ஷ்யூர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். பங்கு வேண்டாம், உங்கள் பழைய விதிகளுக்கு ஒரு விலை சொல்லுங்கள்.

விலை ஆண்டுக்கு 50 லட்சம் டாலர். ஐந்தரை ஆண்டுக்கு 2 கோடியே 75 லட்சம். முன்பு கொடுத்த 15 லட்சத்தையும் சேர்த்தால் 2 கோடியே 90 லட்சம். ஆண்டுத் தொகையில் 30 லட்சம் ஓய்வு பெறுபவர்களுக்கு; அந்த 7,920 இங்கிருந்துதான் வந்தது. மீதி 20 லட்சம், வேலை குறைந்தால் வாரத்துக்கு இத்தனை மணிக்கூலி நிச்சயம் என்ற உத்தரவாதத்துக்கு. முழுப் பதிவு பெற்ற ‘ஏ’ பிரிவுத் தொழிலாளி ஒருவரையும் வேலையிலிருந்து நீக்குவதில்லை. பதிலுக்கு எவ்வளவு எடை தூக்கலாம், எத்தனை பேரை வைக்கலாம், என்ன இயந்திரம் கொண்டுவரலாம் என்பதெல்லாம் கம்பெனி கையில்.

அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். பத்திரிகைகள் பாராட்டின. நம் ஊர் வி.ஆர்.எஸ். திட்டங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் ஆட்குறைப்பே இல்லாமல், வயதானவர்கள் மரியாதையோடு வெளியேற, ஒரு கடுமையான வேலை தானாகச் சுருங்கும்படி திட்டமிட்டது அபூர்வம். பிரிட்ஜஸை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

இருந்தாலும் கோளாறு அந்த ‘விலை’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. 1960-ல் பெட்டியில் போன சரக்கு சொற்பம். பத்தே ஆண்டில் துறைமுகமே பெட்டிமயமாகிவிடும் என்று அந்த மேஜையில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. நாளைக்கு என்ன விலை போகும் என்று தெரியாத நிலத்தை இன்றைய விலைக்கு எழுதிக்கொடுத்த மாதிரி. நிலம் வாங்கியவருக்கும் அன்று தெரியாது. ஆனால் விலை ஏறினால் லாபம் அவருக்குத்தான்.

கிழக்குக் கரையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். நியூயார்க்கில் ஐ.எல்.ஏ. என்ற வேறு சங்கம். அங்கே 1960-ல் ஒரு நடுவர் தீர்ப்பில் ‘கன்டெய்னர் ராயல்டி’ வந்தது. பெட்டியில் போகும் சரக்குக்கு, கப்பலின் வகையைப் பொறுத்து டன்னுக்கு 35 சென்ட்டிலிருந்து 1 டாலர் வரை. பார்க்கச் சில்லறைக் காசு. ஆனால் அது டன்னோடு கட்டப்பட்ட காசு, டன் ஏற ஏற ஏறியது. 2012 கடைசியில் கப்பல் கம்பெனிகள் இதற்கு உச்சவரம்பு வைக்கப் பார்த்தபோது, ஒரு தொழிலாளிக்குச் சராசரியாக ஆண்டுக்கு 15,500 டாலர் போகிறது என்று அவர்களே புலம்பினார்கள். பணவீக்கத்தையெல்லாம் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பது சரி. ஆனாலும் ஒன்று ஒரே தடவை வந்து நின்றது, மற்றது அரை நூற்றாண்டு தாண்டியும் வந்துகொண்டிருந்தது. ஐ.எல்.ஏ. யோக்கியமான சங்கம் என்று யாரும் சான்றிதழ் தர மாட்டார்கள். ரௌடித்தனத்துக்கும் ஊழலுக்கும் பேர்போனது. பிரிட்ஜஸின் சங்கம் நேர்மைக்குப் பேர்போனது. பங்கு கிடைத்தது முதலாவதற்கு.

இயந்திரத்துக்கு முன்னால் வியர்வை

ஒப்பந்தம் வந்த முதல் சில ஆண்டுகளில் நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. கம்பெனிகள் கிரேன் வாங்க அவசரப்படவில்லை. விதி போய்விட்டதே, பலகையில் எடையைக் கூட்டினார்கள், எட்டுப் பேர் செய்ததைக் குறைந்த ஆளை வைத்துச் செய்தார்கள். உற்பத்தித் திறன் ஏறியது. ஏற்றியது முதுகெலும்பு. கடைசியில் சங்கமே ‘இயந்திரம் கொண்டுவாருங்கள்’ என்று கேட்கும் நிலை வந்தது. 1963 வாக்கில் இயந்திரத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சங்கத் தலைவர்கள் வெளிப்படையாகப் பேசினார்கள். உற்பத்தித் திறன் என்று அறிக்கையில் ஒரு வரைபடம் மேலே போகும்போது, அதை எஃகு தூக்குகிறதா எலும்பு தூக்குகிறதா என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு இந்த இடத்தைப் படித்த பிறகு வந்தது.

கூலி உத்தரவாத நிதியோ தொடப்படவே இல்லை. வியட்நாம் போருக்கான சரக்கு துறைமுகத்தை நிரப்பியதால் வேலை குறையவில்லை. சேர்ந்த பணத்தை 1966-ல் ஏ பிரிவினர் பிரித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு இரண்டாவது ஒப்பந்தம் வந்து, ஓய்வுத் தொகை 13,000 டாலராக உயர்ந்தது.

பந்தியில் இடம் இல்லாதவர்கள்

‘ஏ’ பிரிவு என்று சொன்னேன். அப்படியானால் ‘பி’ என்று ஒன்று இருந்தாக வேண்டுமே. 1959-ல் சான் பிரான்சிஸ்கோவில் நூற்றுக்கணக்கான புதியவர்களை ‘பி’ என்று பதிவு செய்தார்கள். ஏ பிரிவினர் தேர்ந்தெடுத்தது போக மிச்ச வேலை இவர்களுக்கு. அடியறையின் மோசமான மூலைகளில் பெரும்பாலும் இவர்கள்தான் இருப்பார்கள். சங்கத்தில் முழு உறுப்புரிமை இல்லை, ஓட்டு இல்லை, ஒப்பந்தத்தின் பலனும் இல்லை. சரக்கு குறைந்தால் முதலில் பட்டினி கிடக்கவேண்டியவர்களும் இவர்களே. ஏ பிரிவின் உத்தரவாதம் பி பிரிவின் முதுகில்தான் நின்றது. 1963-ல் இவர்களில் 82 பேரைச் சங்கமும் முதலாளிகளும் சேர்ந்தே பதிவிலிருந்து நீக்கினார்கள். சந்தா தாமதம் மாதிரியான காரணங்கள். சிலருக்குப் பின்தேதியிட்டு வந்த விதிகள். ஸ்டான் வீர் என்பவரும் மற்றவர்களும் போட்ட வழக்கு 17 ஆண்டு இழுத்து, தோற்றது. 1934-ல் ரத்தம் சிந்தி வாங்கிய கூடத்துக்குள் இது நடந்தது என்பதுதான் எனக்கு ஜீரணிக்க முடியாத பகுதி.

இன்னொரு கூட்டம் கண்ணுக்கே தெரியாது. இனிமேல் சேர்க்கப்படாமல் போனவர்கள். யாரையும் நீக்கவில்லை என்றால், ஓய்வு பெறுகிறவரின் இடம் காலியாகவே விடப்படுகிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு 7,920 கிடைத்தது. பிள்ளைக்கு அந்த வேலையே கிடையாது. மேற்குக் கரையில் 1960-ல் சுமார் 15,000 பேர் பதிவில் இருந்தார்கள். சரக்கு பல மடங்கு பெருகிய பிறகு, 2002-ல், சுமார் 10,500 பேர். அந்த 10,500 பேரின் கூலி அமெரிக்காவில் உடலுழைப்பு வேலைக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த கூலிகளில் ஒன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆள் குறைந்தது, இருந்தவரின் கூலி ஏறியது. ‘தானியக்கம் கூலியைக் குறைக்கும்’ என்பதும் ‘கூட்டும்’ என்பதும் ஒரே படகுத்துறையில் ஒரே சமயத்தில் உண்மையாக இருந்தன. உள்ளே நின்றவர், வெளியே நின்றவர் என்பதுதான் வித்தியாசம்.

வேலை முழுக்க மறைந்ததா என்றால் அதுவும் இல்லை. பெட்டிக்குள் சரக்கை அடுக்கும் வேலை கடற்கரையை விட்டு உள்நாட்டுக் கிடங்குகளுக்குப் போனது. அங்கே சங்கமும் இல்லை, அந்தக் கூலியும் இல்லை. பெட்டியை இழுக்கும் லாரி ஓட்டுநர்கள், 1980-ல் லாரித் தொழிலின் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, ‘சொந்தமாகத் தொழில் செய்பவர்கள்’ ஆனார்கள். டீசலும் அவர்கள் செலவு, வரிசையில் நிற்கும் நேரமும் அவர்கள் செலவு.

நகரமும் பந்தியில் இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் படகுத்துறைகள் விரல்கள்போல் கடலுக்குள் நீண்ட குறுகிய துறைகள். பெட்டிகளை அடுக்க ஏக்கர் கணக்கில் தரை வேண்டும். எதிர்க்கரையில் ஓக்லாந்துக்கு நிலமும் இருந்தது, ரயிலும் இருந்தது. பெட்டிகள் அங்கே போயின. சான் பிரான்சிஸ்கோ 70-களில் பெட்டிக்குப் பதில் படகையே கப்பலில் ஏற்றும் ‘லேஷ்’ என்ற முறையை நம்பிப் புதுத் துறை கட்டிக் காசைக் கரைத்தது. 1978-ல் 39-ஆம் எண் துறை சுற்றுலாக் கடைத்தெரு ஆனது. மூட்டை இறங்கிய இடத்தில் நண்டு சூப் விற்கிறார்கள். லண்டனிலும் இதே கதைதான்: 1967-க்கும் 1981-க்கும் இடையில் பழைய துறைகள் ஒவ்வொன்றாக மூடின, வெஸ்ட் இந்தியா டாக்ஸ் இருந்த இடத்தில் பிறகு கேனரி வார்ஃப் எழுந்தது. துறைமுகம் செத்ததில் செல்வமாக மாறியது கடலோர நிலம். அது கொக்கி பிடித்தவர்கள் பேரில் இல்லை.

மெக்லீன் 1969-ல் தன் கம்பெனியை ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் நிறுவனத்துக்கு விற்றார். அவர் பங்குக்குக் கிடைத்தது 16 கோடி டாலர். மேற்குக் கரைத் தொழிலாளர்கள் அத்தனை பேரும் சேர்ந்து தங்கள் விதிகளுக்கு வாங்கிய 2.9 கோடியைப்போல் ஐந்து மடங்குக்குமேல். (அவரிடமும் அது தங்கவில்லை. பிறகு வாங்கிய வேறொரு கப்பல் கம்பெனி 1986-ல் திவாலானது.)

அப்புறம் வந்தவை

1971 ஜூலையில் மேற்குக் கரைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். இடையில் அரசு நீதிமன்றத் தடை வாங்கியதால் நின்று, மறுபடி தொடங்கி, மொத்தம் 134 நாள். பத்தாண்டு முன்பு விற்றதில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கும் முயற்சி என்று அதைப் படிக்கிறேன். பெட்டியை யார் நிரப்புவது, கிரேன் ஓட்டுநரைக் கம்பெனி நேரடியாக நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்பவை சண்டைக்குரிய விஷயங்கள். இரண்டிலும் பெரிதாக ஜெயிக்கவில்லை. வாரக் கூலி உத்தரவாதம் கிடைத்தது, இந்தத் தடவை பி பிரிவினருக்கும் பாதியளவு.

சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் 1983 டிசம்பரில் திறந்தது. 1948 சட்டத்தின்கீழ் வந்த துறைமுகத் தொழிலாளர் வாரியங்கள் சான் பிரான்சிஸ்கோ கூடத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். எண்ணூர் சாலையில் மணிக்கணக்கில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநர்களிலிருந்து அதைத் தொடங்கலாம்.

அமெரிக்காவில் பேரம் இன்னும் முடியவில்லை. 2002-ல் மேற்குக் கரையில் கணக்கர்களின் வேலையைக் கணினி எடுப்பது பற்றிய சண்டையில் துறைமுகங்களைக் கம்பெனிகளே இழுத்து மூடின. முடிவு பழைய பாணிதான்: கணினி வரும், இப்போது பதிவில் இருப்பவர்கள் இருப்பார்கள். 2008 ஒப்பந்தம் தானியங்கி முனையங்களுக்கு வழிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் பக்கம் ஆளில்லாமல் பெட்டியை நகர்த்தும் முனையங்கள் வந்தன. 2024 அக்டோபரில் கிழக்குக் கரை மூன்று நாள் நின்று, ஆறு ஆண்டில் 62 சதவீதக் கூலி உயர்வு பெற்றது. தானியக்கம் பற்றிய பேச்சு ஜனவரி வரை நீண்டது.

2004-ல் லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகங்களில் 3,000 தற்காலிக இடங்களுக்குக் குலுக்கல் நடந்தது. லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். குலுக்கலில் பேர் விழுந்தவருக்கு வேலை உறுதியில்லை, காத்திருக்கும் உரிமைதான். பதிவு பெற்றவர்கள் எடுத்தது போக மிச்சம் இருந்தால் இவர்களுக்கு. நிரந்தரப் பதிவு கிடைக்கப் பல ஆண்டு ஆகும். அதுவரை கூடத்துக்கு வந்து, தங்கள் எண் வரை வேலை நீளுமா என்று நின்று பார்த்துவிட்டு, பெரும்பாலான நாட்களில் திரும்பிப் போகிறார்கள்.